மீனின் நோயும் நோயின் முதலும்

அரபு மொழியில் ‘இல்லத்’ என்றொரு சொல் உண்டு. நோய் என்பதும் அதன் பொருள். காரணம் என்பதும் அதன் பொருள். ஹதீஸ் கலை வல்லார் அச்சொல்லை இன்னும் நுணுக்கமாக ஆள்வர். பார்வைக்குப் பழுதற்றதாய்த் தோன்றும் ஓர் அறிவிப்பினுள் மறைந்து கிடக்கும் குறையே அவர்கள் வழக்கில் இல்லத். இதனை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் நாம் ஏட்டு உதாரணத்தைத் தேடுவதில்லை. நாகப்பட்டினத்துக் குளத்து மீன்களையே எடுத்துக் காட்டுவோம்.

1990-களின் தொடக்கம் அது. நாம் ஓதி முடிக்கும் தறுவாயில் இருந்தோம். ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டித் தீர்த்து, மார்கழிக் குளிர் இறங்கியிருந்த வேளை. எம் தெருவை அடுத்த குளத்தில் விரால்கள் மந்தமாய்க் கரையோரம் ஒதுங்கத் தொடங்கின. முதலில் உடலில் ஒரு செம்புள்ளி. பின் அது புண்ணாகும். பின் சதை அழுகிக் குழி விழும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் அதே கதி.

அச்சம் குளத்தோடு நிற்கவில்லை. தெருவுக்குக் கூடை சுமந்து வரும் மூதாட்டி, “தம்பி, இது கடல் மீனு, குளத்து மீனில்ல, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க” என்று எம்மிடம் மன்றாடியது இன்னும் செவியில் ஒலிக்கிறது. அதனினும் கொடியது ஒரு வதந்தி. அவ்வாண்டு குளத்துக் குத்தகையை இழந்த ஒருவர் இரவோடிரவாகப் பூச்சிமருந்தை ஊற்றிவிட்டார் என்றனர். கண்டவர் எவருமில்லை. ஆயினும் அவர் வீட்டார் தெருவில் தலைகாட்ட முடியாத நிலை வந்தது.

எம் உஸ்தாது மீன்நூல் கற்றவரல்லர். ஆனால் ஓர் அறிவிப்பை எப்படிச் சோதிப்பதென்று அறிந்தவர். கூடி நின்றவரிடம் அவர் மூன்று கேள்விகளே கேட்டார். “நஞ்சென்றால் ஓரிரவில் எல்லாம் செத்து மிதந்திருக்குமே, மூன்று வாரமாய் ஒன்றும் இரண்டுமாகச் சாவானேன்? விரால் சாகும் அதே நீரில் ஜிலேபிக் கெண்டை துள்ளுகிறதே, நஞ்சு இனம் பார்த்தா கொல்லும்? இதே புண்ணோடு ஆற்றிலும் வாய்க்காலிலும் மீன் அகப்படுகிறதே, அங்கும் அவர்தாம் ஊற்றினாரா?” எவரிடமும் விடையில்லை. பின்னர் வந்து பார்த்த மீன்துறை அலுவலர், இது பிற மாவட்டங்களிலும் பரவிவரும் நோய் என்று உறுதி செய்தார். ஒரு குடும்பத்தின் மானம் அன்று காப்பாற்றப்பட்டது.

அந்நோயின் வரலாறு நீண்டது. 1971-இல் ஜப்பானில் வளர்ப்பு மீன்களிலும், 1972-இல் ஆஸ்திரேலியாவின் ஆற்று மீன்களிலும் அது காணப்பட்டது. பின்னர் தென்கிழக்கு ஆசியா வழியே பரவி, 1988-இல் இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களையும் வங்கத்தையும் எட்டியது. 1990-களின் தொடக்கத்தில் தமிழகமும் கேரளமும் அதற்கு ஆட்பட்டன. இ.யு.எஸ். எனும் மூன்றெழுத்துப் பெயரால் அறிஞர்கள் அதனைச் சுட்டுவர். தொற்றுப் புண் நோய் என நாம் கூறலாம்.

இதன் முதலைக் கண்டறிய அறிவியலார் பட்ட பாடு சிறிதன்று. புண்ணின் மேற்பரப்பைச் சுரண்டிப் பார்த்தவர்க்குப் பாக்டீரியாக்கள் தெரிந்தன. அவையே காரணம் என்றனர். வேறு சிலர் வைரசைக் கண்டு அதன்மேல் பழி சுமத்தினர். புண்ணின் அடியிலுள்ள சதையை எடுத்து உருப்பெருக்கியில் நோக்கியபோதுதான், குறுக்குச் சுவரற்ற நூலிழைகள் தசைக்குள் கிளை பரப்பியிருப்பது புலனாயிற்று. அபனோமைசஸ் இன்வேடன்ஸ் எனும் நீர்ப்பூசணமே மெய்யான முதல் என்பது 1990-களில் நிலைநாட்டப்பட்டது. அதன் வித்துகள் நீரில் நீந்திவந்து, மழை நீராலும் அமிலத்தாலும் ஊறுபட்ட தோலில் ஒட்டி உள்ளே வேரோடும். குளிரில் மீனின் எதிர்ப்பாற்றல் தளர்வதால் மார்கழி, தை மாதங்கள் அதற்கு வாய்ப்பான காலம். பாக்டீரியா பின்னால் வந்து புகுந்த விருந்தாளியே. வாய்க்காலும் வயலும் குளமும் ஒன்றோடொன்று நீரால் பிணைந்த காவிரிக் கடைமடையில் அது பரவியதில் வியப்பென்ன?

ஒன்றுபோல் தோன்றும் இரு நோய்களைப் பிரித்தறியும் கலை நமக்குப் புதிதன்று. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தித் தனிநூலே எழுதினார், ஒன்பதாம் நூற்றாண்டில் பிறந்த மருத்துவ மேதை அர்ராஸீ. நோயை அறிவதும் அதன் காரணத்தை அறிவதும் தனித்தனிப் படிகள் என மருந்து அதிகாரத்தில் உணர்த்தினார் வள்ளுவர்.

இன்று நம் வீடுகளில் கண்ணாடித் தொட்டி பெருகியிருக்கிறது. பிள்ளைகள் ஆசையாய் வாங்கிய வண்ண மீன்கள் பத்து நாளில் சாகின்றன. உடனே கடைக்கு ஓடி நீலநிற மருந்தைக் கொணர்ந்து ஊற்றுகின்றனர். எம்மிடம் வினவும் பெற்றோர்க்கு நாம் சொல்வது இதுதான்: மருந்துக்கு முன் மீனைப் பாருங்கள். மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தால், குற்றம் பெரும்பாலும் நீரினுடையது. மீன் கழிவிலிருந்து எழும் அம்மோனியா நஞ்சாகும். அதனை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாக்கள் புதிய தொட்டியில் குடியேறச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை மீனைக் குறைத்து, இரையைக் குறைத்து, நீரில் ஒரு பங்கை மட்டும் அவ்வப்போது மாற்ற வேண்டும். அங்கு மருந்து ஊற்றினால் அந்த நல்ல பாக்டீரியாக்களும் மடியக்கூடும். உடலெங்கும் உப்புக்கல் தூவியதுபோல் வெண்புள்ளி கண்டால் அது ஒட்டுண்ணி. தோலுக்குள் இருக்கும் வரை மருந்து அதனைத் தீண்டாது. நீரில் நீந்தும் பருவத்திலேயே அது மடியும். ஆகவே ஒருநாள் மருந்தோடு நிறுத்திவிடலாகாது. புள்ளியின்றிச் செம்புண் கண்டால் அம்மீனை உடனே தனியே பிரியுங்கள்.

2012-இல் நிறுவப்பெற்ற மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்திலேயே அமைந்திருப்பது நம் பேறு. குளம் வைத்திருப்போர் ஐயம் தோன்றியதும் கற்றாரைக் கேட்டறிதல் நன்று. மழைக்கு முன் சுண்ணாம்பு இடுதலும், வாய்க்கால் மீன் உட்புகாதவாறு மடைவாயில் வலையிடுதலும் நம் கையிலுள்ள காப்புகள். புண்பட்டுச் செத்த மீனை வாய்க்காலில் மட்டும் வீசிவிடாதீர்கள். அது அடுத்த ஊர்க் குளத்துக்கு நாம் அனுப்பும் நோயாகும். கரையிலேயே குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.