மோர் கொடுத்தால் தெளியுமா?

எங்கள் சாணார்பட்டிப் பக்கம் திருவிழாவுக்கு மறுநாள் காலையில் நீராகாரத்துக்குத் தனி மவுசு. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவுக்கு, சித்தி திட்டிக்கொண்டே உப்பும் சின்ன வெங்காயமும் போட்டு ஒரு செம்பு நீட்டுவார். அதில் நியாயம் இருக்கிறது. மது சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும். உடம்பு நீரும் உப்பும் கேட்கும். ஆனால் மோரோ, எலுமிச்சையோ, கடுங்காப்பியோ கல்லீரலை வேகப்படுத்தாது. அது தன் போக்கில்தான் மதுவை முறிக்கும். 'காலையில ஒரு கட்டிங் போட்டா சரியாயிடும்' என்பது அவஸ்தையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போடுவது, அவ்வளவுதான். வெறும் வயிற்றில் குடிக்காமல், இடையிடையே தண்ணீர் குடித்தால் தலைவலி குறையலாம். குடிக்காவிட்டால் வரவே வராது (இது சித்தியின் வைத்தியம்).

இதெல்லாம் எனக்குச் சிரிப்பு விஷயமாகத்தான் இருந்தது, கள்ளக்குறிச்சிச் செய்திகளை எழுதும்வரை. 2024 ஜூனில் அங்கே கள்ளச்சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறப் பல மணி நேரமாகும். அதனால் தலைவலி, வாந்தி, வயிற்றுவலி எல்லாம் மறுநாள்கூட வரலாம். வீட்டிலுள்ளவர்களுக்கு 'மப்பு தெளியல' என்றே தோன்றும்.

பார்வை மங்குகிறது என்றாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ 108-ஐ அழையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மோர் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். போலீஸுக்குப் பயந்து, என்ன குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. சீக்கிரம் போக வேண்டும்.