தண்ணீர் குறைந்தது கிணற்றிலா, மோட்டாரிலா?

கிணத்துக்கடவு... பேரிலேயே கிணறு இருக்கிற ஊர். கோவையிலிருந்து பொள்ளாச்சி போகிற வழியில் வரும். அங்கே ஒரு தோட்டத்தில், 2017 கோடையில் நடந்த கதை இது.

முந்தைய வருடம் வடகிழக்குப் பருவமழை அறுபது சதவீதத்துக்கு மேல் பொய்த்துவிட்டது. ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்தத் தோட்டத்துப் பெரியவர் ஒரு ஏக்கர் தக்காளி வைத்திருந்தார். செடி பூவெடுக்கிற நேரத்தில் கிணற்று மோட்டார் பாதித் தண்ணீர்தான் தள்ளியது. ஐந்து குதிரைத்திறன் மோனோபிளாக், இருபது வருடப் பழசு.

கோவைப் பக்கத்தில் மோட்டார் என்பது வீட்டில் ஒரு ஆள் மாதிரி. 1937-லேயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டிய சீமை. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1972-ல் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய்க் கோவை நகரத்தையே அடைத்தவர்கள் இந்தப் பக்கத்து விவசாயிகள். அப்படிப்பட்ட ஊரில் மோட்டார் நோய்க்கு வைத்தியம் சொல்ல ஆளா இல்லை?

பக்கத்துத் தோட்டத்துக்காரர், "காயில் வீக்காயிருச்சுங்க, கழட்டிக் கட்டிப்போடுங்க" என்றார். பெரியவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. "கெணத்துல ஊத்து சுருங்கிப்போச்சு. மோட்டாரு என்ன பண்ணும்?" என்று ரிக் வண்டிக்குச் சொல்லிவிட்டார். ஆயிரம் அடி போர். பணத்துக்குப் பாட்டியின் நகையை அடகு வைப்பதாக ஏற்பாடு. ஆயிரம் அடி போனாலும் புகைதான் வரும் என்ற கதைகள் அந்த வருடம் ஊரெல்லாம் இருந்தன.

பாலிடெக்னிக்கில் படித்த பேரன் லீவுக்கு வந்திருந்தான். "அப்பாரு, காசு செலவாகாததையெல்லாம் மொதல்ல பாத்துரலாங்க" என்றான். இருநூறு லிட்டர் டிரம்மை டெலிவரி பைப்புக்குக் கீழே வைத்து நேரம் பார்த்தான். நிறைய எழுபது வினாடி ஆனது.

முதலில் புட்வால்வு. பம்ப்பில் தண்ணீர் நிரப்பி இரவெல்லாம் விட்டார்கள். காலையில் அப்படியே நின்றது, ஒழுகல் இல்லை. அடுத்தது, சக்ஷன் பைப் இணைப்புகளில் காற்று இழுக்கிறதா என்று கிரீஸ் பூசிப் பார்த்தான். அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

பெரியவர் சொன்ன நீர்மட்டத்தையும் தள்ளிவிட முடியாது. பம்ப் தண்ணீரை உறிஞ்சவில்லை, வெளிக்காற்றுதான் அதை மேலே தள்ளுகிறது! கணக்குப்படி பத்து மீட்டர் வரை ஏறலாம். நடைமுறையில் ஆறு ஏழு மீட்டரைத் தாண்டினால் பம்ப் திணறும். கோடையில் மோட்டாரைக் கிணற்றுக்குள் கீழ்த்திட்டுக்கு இறக்குகிறார்களே, இதற்குத்தான். கயிறு விட்டு அளந்தார்கள். பம்ப்புக்கும் தண்ணீருக்கும் நாலு மீட்டர்தான் இருந்தது.

மிச்சம் கரண்ட். வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் முறுக்குவிசை அதன் இருமடிக் கணக்கில் குறையும். 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 330 வந்தால் முறுக்குவிசை கிட்டத்தட்ட 63 சதவீதம்தான். இங்கேயோ மூன்று பேஸிலும் சரியாக இருந்தது. "பாத்தியா? நாந்தான் சொன்னனே" என்றார் பெரியவர்.

இனி பம்ப்பைப் பிரித்து இம்பெல்லர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான். அதற்கு முன் பின்பக்க பேன் மூடியில் கூடு கட்டியிருந்த குளவியைத் துரத்தி, உடம்பெல்லாம் படிந்த அழுக்கைத் துடைத்தான். பம்ப் கேசிங்கின் மேல் வார்ப்பிலேயே ஒரு அம்புக்குறி வெளியே வந்தது. மோட்டாரைப் போட்டு நிறுத்தினார்கள். பேன் வேகம் குறைந்து சுற்றி நிற்கும்போது பார்த்தால்... அம்பு ஒரு பக்கம், பேன் எதிர்ப்பக்கம்!

விஷயம் இதுதான். சென்ட்ரிபியூகல் பம்ப் தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீரை வெளியேதான் தள்ளும். இறக்கைகளின் வளைவு மட்டும் எதிராகிவிடுவதால் அளவும் அழுத்தமும் வெகுவாகக் குறையும். சத்தம் வழக்கம்போலவே இருக்கும், மோட்டாரும் நிற்காது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரேயடியாக நின்று தொலைத்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள். மரை வைத்து மாட்டிய இம்பெல்லராக இருந்தால் இதில் கழன்றே போயிருக்கும்.

எப்படித் திரும்பியது? இரண்டு மாதம் முன்பு ஸ்டார்டர் பெட்டியில் எலி ஒயரைக் கடித்துவிட்டது. பெரியவரே வெட்டி, சீவி, மறுபடி மாட்டினார். மூன்றில் இரண்டு இடம் மாறிவிட்டன. பேஸ் வரிசை மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும்.

பேரன் மெயினை ஆப் செய்து, பியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு ஒயரை மாற்றி முடுக்கினான். வேலை பத்து நிமிடம்கூட இல்லை. டிரம் முப்பத்தோரு வினாடியில் நிறைந்து வழிந்தது. வாய்க்காலில் தண்ணீர் போன வேகத்துக்குப் பாட்டி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்ப ஓடினார்.

பெரியவர் ரொம்ப நேரம் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ரிக் வண்டிக்காரருக்குப் போன் போட்டு, "மழ வரட்டுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார். ஒயர் விஷயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.