லொறியை ஒப்படைக்கச் சென்ற வழி

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியாக வடக்கு நோக்கிச் செல்வோர், ஏறக்குறைய 16 கிலோமீற்றர் கடந்ததும் வந்தாறுமூலையை அடைவர். ஊரின் பெயரைப் பிரித்துப் படிப்பவர்க்கு 'வந்து ஆறும் மூலை' என்னும் பொருள் தானாகவே தோன்றும். நெடுவழி நடந்தவர் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறுவதற்கு ஏற்ற இடந்தான் இது. மகா விஷ்ணு ஆலயமும், வயல்வட்டைகளும், தென்னை நிழலும் இவ்வூருக்கு அழகு செய்கின்றன. இங்குள்ள மத்திய மகா வித்தியாலய வளாகத்திலேதான் 1981 ஆகஸ்ட் 1ஆம் நாள் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று; 1986 ஒக்டோபர் 1ஆம் நாள் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஆகவே, இன்று இவ்வூரின் பெயரை அறியாத மாணவர் கிழக்கில் இலர் எனலாம்.

இவ்வூரில் நண்பர் ஒருவரைக் கண்டு நகருக்குத் திரும்பும் வேளையில் நமக்கு வாய்த்த துணை ஒரு லொறிச் சாரதி. அவர் நண்பரின் அயல்வீட்டார். பதினொரு ஆண்டுகள் ஒரே கம்பனியின் லொறியை ஓட்டியவர், அன்று வேலையை விட்டு விலகி, வண்டியை நகரிலுள்ள களஞ்சியத்தில் ஒப்படைக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். “வாருங்கள் ஐயா, இனி இந்த வண்டியில் நான் யாரையும் ஏற்றப்போவதில்லை” என்று அவர் அழைக்கவே, நாமும் ஏறி அமர்ந்தோம்.

கிழக்கின் லொறிச் சாரதிக்கு வீடு என்பது வழியில் தட்டுப்படும் தரிப்பிடங்களுள் ஒன்று. நெல்மூடையுடன் கொழும்புக்குப் போவதென்றால் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. திருக்கொண்டியாமடுவைத் தாண்டி, மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடந்து, பொலன்னறுவை, ஹபறணை என்று அது நீளும். மன்னம்பிட்டியில் 2007இல் புதிய பாலம் திறக்கப்படும் வரை ரெயிலுக்கும் வீதி வாகனங்களுக்கும் ஒரே பாலம். ரெயில் போகும்வரை லொறிகள் வரிசையாக நிற்கும். கொழும்பில் மூடை இறக்கி, வேறு பாரம் ஏற்றித் திரும்புமுன் நாட்கள் கழிந்துவிடும். “மகள் நடக்கத் தொடங்கியதை மனைவி சொல்லித்தான் அறிந்தேன்” என்றார் அவர். இப்போது அம்மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். மனைவி வழியில் வந்த இரண்டு ஏக்கர் வயலும் உண்டு. பெரும்போகத்துக்கு மழை இறங்குமுன் வட்டையில் இறங்கிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

விலகலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் நின்றது. தேத்தண்ணீர்க் கடையில் நண்பர்கள் கூறிய ஆலோசனை ஒன்றே: “மச்சான், லொறியை வளவுக்குள் விட்டுப் பூட்டு. காசு தந்தால் திறப்பைத் தருவேன் என்று சொல். மறுகா பார், காசு ஓடி வரும்.” இவ்வாலோசனையில் ஒருவகை நியாயம் இருப்பதுபோலவே தோன்றும். கூலியைத் தராதவனிடம் வேறெப்படிக் கேட்பது?

அவரோ தலையசைத்து மறுத்துவிட்டார். காரணம் கேட்டோம். “லொறி அவர்களுடையது, சம்பளம் என்னுடையது. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினால் நாளைக்குக் கள்ளன் என்ற பெயர் எனக்குத்தானே வரும்?” என்றார். சட்டம் படித்தவர் சொல்வதும் இதுவே. வண்டியைத் தடுத்துவைத்தால் பொலிசில் முறைப்பாடு செய்ய உரிமையாளருக்கு வழி பிறக்கும். கூலி கேட்டு நின்றவர் குற்றத்துக்கு விடை கூறுபவராக மாறிவிடுவார்.

பல்கலைக்கழக வாயிலைக் கடக்கையில் அவர் வேகத்தைக் குறைத்தார், பேச்சையும் நிறுத்தினார். 1990 செப்டெம்பர் 5ஆம் நாள், இவ்வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தோருள் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. அவர்தம் உறவினர் இன்றும் பதில் கேட்கின்றனர். எடுத்துச் சென்றதைத் திருப்பித் தருவதும், தந்ததற்குக் கையொப்பம் பெறுவதும் அலுவலகச் சடங்கு என நினைப்போருக்கு, கணக்கின்றிப் போனால் என்னவாகும் என்பதை இவ்வாயில் உணர்த்தும்.

செங்கலடிச் சந்தியில் சிறிது தாமதித்தோம். பேராதனையில் தொடங்கி, நுவரெலியா, பதுளை வழியே மலையிறங்கி வரும் நெடுவீதி இங்கேதான் முடிவடைகின்றது. ஏறாவூர்க் கடைத்தெருவில் வண்டி ஊர்ந்தது. வீதியோரக் கடைக்காரர் சிலர் கையசைத்தனர். அன்றுதான் கடைசி நாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. மயிலம்பாவெளி, தன்னாமுனை, சத்துருக்கொண்டான், பிள்ளையாரடி என ஊர்கள் பின்னிட்டன.

களஞ்சியத்தில் நடந்ததை மாணவர் மனத்திற்கொள்வது நன்று. வண்டியை முதல்நாளே கழுவியிருந்தார். தூர அளவு, எஞ்சிய எரிபொருள், சில்லுகளின் நிலை, மேலதிகச் சில்லு, ஜக்கு, ஆயுதப் பெட்டி, வரி அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்று, வழிச்செலவுக்குப் பெற்ற பணத்தின் மீதி என ஒவ்வொன்றையும் இரண்டு தாள்களில் எழுதி வந்திருந்தார். இலிகிதர் ஒவ்வொன்றாகப் பார்த்து அடையாளமிட்டார். கடைசி வரியில், 'இரண்டு மாதச் சம்பளம் நிலுவை' என்றும் எழுதப்பட்டிருந்தது. முகாமையாளர் அவ்வரியில் சற்று நின்றார், பின்னர் கையொப்பமிட்டார். ஒரு தாள் கம்பனிக்கு, மற்றது சாரதிக்கு. திறப்பு மேசைமேல் வைக்கப்பட்டது. வண்டியைப் பூட்டி வைத்திருந்தால் இக்கையொப்பம் கிடைத்திருக்குமா?

தாமாக விலகுபவர்க்கும் சட்டம் தரும் உரிமைகள் உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாது வேலைசெய்யும் இடத்தில் ஐந்தாண்டுகள் முடித்தவர், ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பெறுவார். 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்தவேண்டும். அப்பணம் இலங்கை மத்திய வங்கியின் பொறுப்பில், தொழிலாளியின் பெயரிலேயே வளரும். இவற்றைத் தர மறுத்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அங்கே பேசுவது வாய்ச்சொல் அன்று, தாளே.

சாரதி தம் பிள்ளையார் படத்தையும் துவாயையும் ஒரு பையில் இட்டுக்கொண்டு பஸ் நிலையம் நோக்கி நடந்தார். நிலுவைப் பணம் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. ஆனால் அதைத் தலைநிமிர்ந்து கேட்கும் உரிமை அவர் சட்டைப்பையில் மடித்துவைத்த தாளில் இருந்தது. தொழிலில் சேரும் நாளில் மனிதரின் திறமையை உலகம் காண்கிறது. விலகும் நாளிலேதான் அவர் தரத்தைக் காண்கிறது.