கொட்டாப்புளி நான் தர்றேன்

மாசி மகத்தேர் காரமடையில நகரும்போது சனங்க கண்ணெல்லாம் ரங்கநாதர் மேலயும் அலங்காரத்து மேலயும். மரச்சிற்பம் செய்யறவனுக்குக் கண்ணு கீழ போகும், தேர்த்தட்டுல அடுக்கடுக்கா நிக்கிற பொம்மைக மேல. நான் படிச்ச பள்ளிக்கூடம் அதுதானுங்க.

தேருக்கு இலுப்பையும் வேங்கையும் வேணும், வெயில் மழை தாங்கோணுமில்ல. வீட்டுச் சிலைக்கு வாகையே போதும். உளி நார் போற போக்குலயே போகோணும். எதுத்து அடிச்சா சாமி மூக்கு பேந்துரும்.

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சுது, சந்தோசம். ஆனா "ஃபைபர்ல பாதி வெலைக்கு வருதே"ங்கறவங்க இன்னும் வந்துட்டுத்தான் இருக்காங்க. (அவங்களுக்கும் டீ உண்டு.)

ஞாயித்துக்கிழமை பட்டறைக்குப் பொடுசுகளை அனுப்புங்க, உளி பிடிக்கச் சொல்லித் தர்றேன். காசு வேண்டாம். செருப்போட வரச் சொல்லுங்க, சிலாம்பு குத்தும்.