கிழக்கால ஒடி!

சர்க்கரை ஆலைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். கரும்பு வெட்டும் காலத்தில் சேத்தியாத்தோப்பு மாதிரி ஊர்களில் டிராக்டர்கள் டிரெய்லரோடு வரிசை கட்டி நிற்கும். அதில் ஒருவர் சீட்டில் பாதி திரும்பி உட்கார்ந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி, அந்த நீள வண்டியைப் பின்பக்கமாகவே ஒரு சந்துக்குள் செருகிவிட்டு, துண்டை உதறிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். நாமும் கவனிக்காமல் போய்விடுவோம். அடுத்த முறை தயவுசெய்து ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். சாலையில் செய்கிற காரியங்களில் அதைவிடக் கஷ்டமானவை ரொம்பக் குறைவு.

காரை ரிவர்ஸ் எடுப்பது வேறு, டிரெய்லர் கோர்த்த வண்டியை ரிவர்ஸ் எடுப்பது வேறு. இரண்டாவதில் ஸ்டியரிங் பொய் சொல்லும். வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகும். இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம். நடுவில் ஒரு கொண்டி இருக்கிறதல்லவா, அதுதான் காரணம். வண்டியின் பின்பக்கம் வலப்புறம் நகரும்போது டிரெய்லரின் தலையையும் வலப்புறம் தள்ளுகிறது. டிரெய்லர் தன் சக்கரங்களை அச்சாக வைத்துச் சுழல, வால் எதிர்ப்பக்கம் போகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இழுக்கும்போது டிரெய்லர் தானாகவே நேராகிக்கொள்ளும். தள்ளும்போது தானாகவே கோணலாகும். துடைப்பக்குச்சியை உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி சும்மா இருந்தால் விழுந்துவிடும். டிரெய்லர் ரிவர்ஸும் அதே கணக்குதான், படுக்கைவாட்டில்.

இந்த வித்தையை அமெரிக்காவில் ரிட்டயரான தாத்தா பாட்டிகள் செய்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அங்கே கேம்ப்பிங் டிரெய்லர் என்று ஒரு சமாசாரம் உண்டு. சக்கரம் வைத்த வீடு. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை எல்லாம் உள்ளேயே. பிக்-அப் லாரியின் பின்னால் கோர்த்துக்கொண்டு மலை, ஏரி என்று கிளம்பிவிடுகிறார்கள். அலுமினியத்தில் பளபளவென்று வெள்ளிக் காப்ஸ்யூல் மாதிரி ஒன்றை ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள், ஏர்ஸ்ட்ரீம். 1969-இல் நிலாவுக்குப் போய்விட்டு வந்த ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரையும், நிலாக்கிருமி ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்ற பயத்தில், மாற்றியமைத்த ஒரு ஏர்ஸ்ட்ரீமுக்குள்தான் அடைத்துவைத்தார்கள். ஜனாதிபதி நிக்ஸனே ஜன்னல் வழியாகத்தான் பேசினார்.

இதில் ஆச்சரியம், நான் சொல்லப்போகிற அளவு டிரெய்லரை இழுக்க டெக்ஸஸ் மாநிலத்தில் தனி லைசென்ஸ் வேண்டாம். கார் லைசென்ஸே போதும். ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இனி என் அக்காவைப் பற்றி.

அக்காவும் மாமாவும் ஆஸ்டினுக்குப் பக்கத்தில் ரவுண்ட் ராக்கில் இருக்கிறார்கள். மாமா 2010-இல் ஒரு 28 அடி டிரெய்லர் வாங்கினார். மூன்று டன்னுக்கு மேல் எடை. பத்துப் பன்னிரண்டு வருஷம் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு கொலராடோ, நியூ மெக்ஸிகோ என்று சுற்றினார்கள். வண்டி ஓட்டுவது மாமா. பின்னால் இறங்கி நின்று கையை ஆட்டி வழி சொல்வது அக்கா. இருபத்தைந்து வருஷமாகக் கார் ஓட்டுகிறவள்தான். ஆனால் டிரெய்லர் கட்டிய வண்டியின் ஸ்டியரிங்கை அவள் தொட்டதில்லை. தொடவிட்டதில்லை என்றும் சொல்லலாம்.

2022-இல் மாமாவுக்குக் கண்ணில் க்ளாக்கோமா என்றார்கள். ஏற்கெனவே ரொம்ப தூரம் வந்திருந்தது. இந்த வியாதி பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. முதலில் பக்கவாட்டுப் பார்வையைத்தான் திருடும். நேரே பார்ப்பது நன்றாகத் தெரிவதால் திருட்டுப் போனதே தெரியாது. சொட்டு மருந்தும் ஆபரேஷனும் மிச்சமிருப்பதைக் காப்பாற்றுமே தவிர, போனதைத் திருப்பித் தராது. (நாற்பதைத் தாண்டியவர்கள் படிப்பதை இங்கே நிறுத்திவிட்டுக் கண் டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிட்டு வந்தாலும் எனக்குச் சந்தோஷமே. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் கட்டாயம்.)

டாக்டர் வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். மாமா சாவியைக் கொண்டுவந்து சாமி அலமாரியில் வைத்துவிட்டார். அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லையாம். ஒரு மாதம் கழித்து, டிரெய்லரை விற்றுவிடலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

“எதுக்கு விக்கணும்? நான் ஓட்டறேன்” என்றாள் அக்கா. அவளுக்கு அப்போது அறுபது.

2023 அக்டோபரில் நான் மூன்று வாரம் அங்கே தங்கப் போனபோது பயிற்சி ஆரம்பமாகியிருந்தது. முன்னால் ஓட்டுவது பிரச்னையில்லை. திருப்பத்தில் கொஞ்சம் அகலமாகப் போக வேண்டும், பிரேக்கைச் சீக்கிரமே மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தின் காலியான பார்க்கிங்கில் ரிவர்ஸ் வகுப்பு. ஆறு ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து ஒரு செவ்வகம் போடுவது என் வேலை. சாய்ந்தவற்றை நிமிர்த்துவதும்.

மாமா நல்ல வாத்தியார். முதல் பாடம், கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கிற இடத்தில் வை. டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. ஸ்டியரிங் சொல்கிற பொய் இந்த ஒரு யுக்தியில் உண்மையாகிவிடுகிறது. நம்பாவிட்டால் ஒரு தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துப் பாருங்கள். அடியில் இருக்கும் கை இடப்பக்கம் போனால் தட்டு வலப்பக்கம் சுழலும்.

இரண்டாவது பாடம், ஆக்ஸிலரேட்டரைத் தொடாதே. பிரேக்கைத் தளர்த்தினால் வண்டி ஊரும், அந்த வேகம் போதும். மூன்றாவது, இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார். எந்தக் கண்ணாடியில் டிரெய்லர் பெரிதாகத் தெரிகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பினால் நேராகும். நான்காவது, சைட்டைக் கொஞ்சம் தாண்டிப் போய், வண்டியின் மூக்கை எதிர்ப்பக்கம் ஒடித்து நிறுத்து. பாதி வேலை ரிவர்ஸ் போடுவதற்கு முன்பே முடிந்துவிடும். (முகாமில் ஒரு வண்டிக்கு ஒதுக்கிய இடத்தை சைட் என்பார்கள். நம்மூர் ‘சைட்’ இல்லை.)

கடைசிப் பாடம்தான் எனக்குப் பிடித்தது. சந்தேகம் வந்தால் நிறுத்து. இறங்கு. சுற்றி வந்து பார். மேலே கிளையையும் பார். முன்னால் எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பி. ஒன்பது தடவை முன்னே பின்னே எடுத்தாலும் கேவலமில்லை. ஒரு தடவை இடித்தால் செலவு.

பாடம் சொல்வது சுலபம். அக்கா முதல் நாள் ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை ‘ஜாக்நைஃப்’ செய்தாள். அதாவது, கோணல் அளவுக்கு மீறிப் போய் வண்டியும் டிரெய்லரும் மடக்குக்கத்தி மாதிரி மடங்கிக்கொள்வது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் பின்னால் எடுத்து எந்தச் சாமர்த்தியத்தாலும் சரிசெய்ய முடியாது. முன்னால் போய்த்தான் நேராக்க வேண்டும்.

அவளைச் சமாதானப்படுத்த ஒரு கதை சொன்னேன். ஸ்டான்ஃபோர்டில் நுயென், விட்ரோ என்று இரண்டு பேர் 1989 வாக்கில் ஒரு செயற்கை நரம்பு வலைக்கு இதே பாடத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். விதிகளை எழுதித்தரவில்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரு டிரெய்லர் லாரியைக் கொடுத்து, பின்னால் எடுத்து எடுத்துத் தானே கற்றுக்கொள் என்று விட்டார்கள். ஆயிரக்கணக்கான தடவைக்கு அப்புறம்தான் அதற்குப் பிடிபட்டது.

“எனக்கு நாலு ஞாயித்துக்கிழமைதான்டா இருக்கு” என்றாள் அக்கா.

2015-இல் ஃபோர்டு கம்பெனி இதற்கென்றே ஒரு குமிழ் கொண்டுவந்தது. டிரெய்லர் போக வேண்டிய பக்கம் குமிழைத் திருகினால் ஸ்டியரிங்கை வண்டியே பார்த்துக்கொள்ளும். மாமாவின் வண்டி அதைவிடப் பழசு.

கூம்புகளைவிடப் பெரிய பிரச்னை பாஷை. மாமா பின்னால் நின்று “லெஃப்ட், லெஃப்ட்” என்பார். யாருடைய லெஃப்ட்? வண்டியின் லெஃப்ட்டா, எதிரே நிற்கிற மாமாவின் லெஃப்ட்டா, ஸ்டியரிங்கின் லெஃப்ட்டா, வாலின் லெஃப்ட்டா? உற்சாகம் வந்துவிட்டால் நம்மூர் கண்டக்டர் மாதிரி “ரைட், ரைட்” என்று வேறு சொல்லிவிடுவார். நம் காதில் அது ‘போகலாம்’. அக்கா வலப்பக்கம் ஒடித்துவிடுவாள். கூம்பு சாயும். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தின் பழைய கணக்குகளை எல்லாம் எடுப்பார்கள். நான் கூம்பை நிமிர்த்துகிற சாக்கில் தள்ளிப் போய்விடுவேன். முகாம்களில் தம்பதிகள் சண்டை போடுவதென்றால் பெரும்பாலும் இந்த ரிவர்ஸ் எடுக்கிற பத்து நிமிஷத்தில்தான் என்றார் மாமா. அதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே சிலர் நாற்காலி போட்டு உட்காருவார்களாம்.

தீர்வை அக்காதான் கண்டுபிடித்தாள். எங்கள் ஊர்ப்பக்கம் இடது, வலது என்று யாரும் வழி சொல்லமாட்டார்கள். “கிழக்கால போயி வடக்கால திரும்பு” என்பார்கள். தட்டில் கறி இருக்கிற இடத்தைக்கூட “உனக்கு மேக்கால இருக்கு பாரு” என்று சொல்கிற பாட்டி எங்களுக்கு இருந்தார். இந்தப் பாஷையில் ஒரு வசதி. நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் கிழக்கு கிழக்குத்தான்.

“ஏங்க, இனிமே லெஃப்ட் ரைட் சொல்லாதீங்க. வால் எந்தத் திக்குல போகணுமோ அதைச் சொல்லுங்க, போதும்.”

அன்றிலிருந்து இருவரும் போனில் பேசிக்கொண்டே, “கிழக்கால ஒடி… இன்னும் கொஞ்சம்… இப்ப நேரா… நில்லு” என்று டெக்ஸஸில் சேத்தியாத்தோப்பைக் கொண்டுவந்துவிட்டார்கள். ‘நில்லு’ என்பதற்கு மட்டும் விவாதம் கிடையாது. கேட்டதும் பிரேக். மூன்றாவது ஞாயிறு ஐந்து தடவையில் நான்கு தடவை கூம்பு சாயாமல் உள்ளே போனது.

அடுத்த வாரம் நிஜப் பரீட்சை. இங்க்ஸ் லேக் என்று ஒரு மாநிலப் பூங்கா. ஏரி, இளஞ்சிவப்புப் பாறைகள், ஓக் மரங்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் குறைய ஆரம்பித்திருந்தது. சைட்டின் ஓரத்தில் மின்சாரப் பெட்டியும் தண்ணீர்க் குழாயும். டிரெய்லரில் அவற்றுக்கான இணைப்புகள் இடப்பக்கம் இருக்கும், வாசல் வலப்பக்கம். அதனால் பெட்டிக்குப் பக்கத்தில் அணைந்தாற்போல நிறுத்த வேண்டும், ஆனால் பெட்டியில் படக்கூடாது. வலப்பக்கம் ஒரு மரம். நான் மரத்தடியில் நின்று மேலே கிளையைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. மாமா பின்னால், போனில்.

வால் பாதி உள்ளே வந்தாயிற்று. மாமா “வரட்டும், வரட்டும்” என்கிறார். திடீரென்று வண்டி நின்றது. மாமா ‘நில்லு’ சொல்லவில்லை.

ஏழெட்டு வயசுப் பையன் ஒருவன் சின்ன சைக்கிளில் மாமாவுக்கு இடப்பக்கமாக வந்து, டிரெய்லரின் வாலுக்கும் மின்சாரப் பெட்டிக்கும் நடுவே புகுந்து போனான். அக்கா அவனைக் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். மாமாவுக்கு ஆறடி தூரத்தில் போயிருக்கிறான். அவருக்குத் தெரியவில்லை. சைக்கிள் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார், அதற்குள் பையன் போய்விட்டான்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாமா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். “தம்பி, நீ வந்து நில்லு. நான் நிக்கறது சரியில்ல” என்றார் என்னிடம். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சாவியை அலமாரியில் வைத்தபோதுகூட இப்படித்தான் இருந்திருப்பாரோ என்னவோ.

அக்கா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். சமாதானம் ஏதும் சொல்லவில்லை. டிரெய்லரைச் சுற்றி வந்து, மேலே பார்த்து, கீழே பார்த்து, அவர் பக்கத்தில் நின்றாள்.

“ஏங்க, கிழக்கால எவ்வளவு இருக்கு?”

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நேரே பார்த்து, “மூணடி” என்றார். “ரெண்டடி ஒடிச்சா போதும். அதுக்கப்புறம் நேராக்கிடு.”

“அது மட்டும் எனக்குக் கண்ணாடியில தெரியல. நீங்க அந்த மூலையை மட்டும் பாருங்க, வேற எதையும் பாக்க வேண்டாம். ஆளு வராங்களான்னு தம்பி பாக்கட்டும், நானும் பாத்துக்கறேன்.”

மாமா போனை மறுபடி காதில் வைத்தார். நான் மரத்தடியை விட்டு சாலைப் பக்கம் போனேன். கிளை எட்டவே எட்டாத உயரத்தில் இருந்ததை அவளே பார்த்துவிட்டாளே. இரண்டு தடவை முன்னால் எடுத்து, மூன்றாம் தடவை உள்ளே போய் நின்றது. பெட்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே மாமா கையை விரித்து அளந்தார். ஒன்றரை முழம். எதிர் சைட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் எழுந்து கைதட்டினார். அக்காவுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை, சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஊர் திரும்பியபின் அவர்கள் இருவர்தான். அதற்கும் வழி செய்துகொண்டார்கள். போய்ச் சேர்ந்ததும் பக்கத்து சைட்காரர் ஒருவரிடம், “கொஞ்சம் சாலையைப் பார்த்துக்கொள்ள முடியுமா?” என்று அக்கா கேட்டுவிடுவாளாம். இதுவரை யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. வெளிச்சம் போவதற்குள் நிறுத்திவிட வேண்டும் என்பது மாமா போட்ட விதி. மூலையைப் பார்ப்பது இன்னமும் அவர்தான்.

ரிவர்ஸே எடுக்க வேண்டாம் என்றால் அதற்கும் அங்கே வசதி உண்டு. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியே போகிற மாதிரி சில சைட்டுகள் வைத்திருக்கிறார்கள். வயசான காலத்தில் அதையே பதிவு செய்துகொள்ளலாமே என்று போனில் கேட்டேன்.

“அதெல்லாம் ரோட்டு ஓரமா இருக்குடா. மாமாவுக்கு நேரா பாத்தா ஏரி தெரியணும்” என்றாள்.