நாலு ஏஸும் அம்மாவும்

2021-ல் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தேன். இந்த ஊர் எனக்குக் கொடுத்தது மூணு விஷயம்: அரைகுறை பெங்காலி, முழுசான தொப்பை, ஒரு சீட்டுக்கட்டு. முதல் ரெண்டைப் பற்றி நிறையவே புலம்பியாச்சு. இன்னிக்கு மூணாவது.

எங்க கிளையில் ஹெட் கேஷியரா இருந்து ரிட்டயர் ஆனவர் ஒருத்தர். எல்லாருக்கும் அவர் 'தாதா'. (இங்கே தாதான்னா அண்ணன். வந்த புதுசில் மாயவரத்தில் இருந்த அம்மாவுக்கு ஃபோன் பண்ணி, "ஆபீஸ்ல ஒரு தாதா ரொம்ப ஒத்தாசையா இருக்கார்மா"ன்னு சொல்லித் தொலைச்சேன். பாவம், அன்னிக்கு ராத்திரி அவங்க தூங்கவே இல்லையாம்.) முப்பத்தஞ்சு வருஷம் நோட்டு எண்ணிய விரல்கள். ஒரு நாள் லஞ்ச் நேரத்தில் அந்த விரல்களில் சீட்டு ஓடுவதைப் பார்த்தேன். அவ்வளவுதான், விழுந்துட்டேன். ரெண்டு வருஷம் யாருக்கும் தெரியாமல் கத்துக்கிட்டேன். ஏன் தெரியாமல்னு அப்புறம் சொல்றேன்.

போன வருஷம் துர்கா பூஜை முடிஞ்சதும் எங்க அடுக்ககத்தில் பிஜோயா சம்மிலனி. பெரியவங்க காலில் விழுந்து கும்பிட்டு, சந்தேஷ் சாப்பிட்டு, பாட்டும் கூத்துமா ஒரு சாயங்காலம். அதில் "அப்பா பத்து நிமிஷம் மேஜிக் பண்ணுவார்"னு என்னைக் கேட்காமலேயே என் பொண்ணு பெயர் கொடுத்துட்டா. குளியலறையில் நான் பண்ற பிராக்டீஸ் அவளுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். "உள்ளேயிருந்து சரக் சரக்னு சத்தம் வருது, தண்ணிச் சத்தமே வரலையே"ன்னா.

சரி, எதைப் பண்றது? நாலு ஏஸை வெச்சே எல்லாத்தையும் பண்ணிடலாம்னு முடிவு பண்ணினேன். காரணம் இருக்கு. 'ஒரு சீட்டை எடுத்து ஞாபகம் வெச்சுக்கோங்க'ன்னா, கிளாவர் ஏழை எடுத்தவர் ரெண்டு நிமிஷத்தில் அது டைமன் ஏழுன்னு சாதிப்பார். ஏஸ் அப்படி இல்லை. சீட்டே தொடாதவருக்கும் அது பெரிய சீட்டுன்னு தெரியும். நாலே நாலு. கணக்கு குழம்பாது.

எனக்கு நல்லா வந்த அஞ்சு ஏஸ் ட்ரிக்கை வரிசையா எழுதி தாதாகிட்ட பண்ணிக் காட்டினேன். முழுசும் பார்த்துட்டு, "இது அஞ்சு ட்ரிக். ஒரு நிகழ்ச்சி இல்லை"ன்னுட்டார். ஏன்னா ஒவ்வொண்ணு முடிஞ்சதும் நான் கட்டுக்குள்ளே ஏஸ்களைத் தேடி எடுத்து, அடுத்ததுக்குத் தயார் பண்ணி, அசட்டுச் சிரிப்பு சிரிச்சுக்கிட்டிருந்தேன். "அந்த அரை நிமிஷத்தில் ஜனங்க ஃபோனை எடுத்துடுவாங்க. அப்புறம் கீழே வைக்க மாட்டாங்க."

அப்போதான் இந்த பி.காம். மண்டைக்கு உறைச்சது. இது அக்கவுன்ட்ஸ்தானே! ஒரு ட்ரிக்கோட க்ளோசிங் பேலன்ஸ்தான் அடுத்த ட்ரிக்கோட ஓப்பனிங் பேலன்ஸா இருக்கணும். நடுவில் ஒரு என்ட்ரி கூடத் தனியா போடக் கூடாது. ஒரு தாள் எடுத்து ரெண்டு பத்தி போட்டேன். இடது பக்கம், தொடங்கும்போது சீட்டு எங்கெங்கே இருக்கணும். வலது பக்கம், முடியும்போது எங்கெங்கே இருக்கும். (செய்முறை ரகசியத்தைச் சொல்ல மாட்டேன். தாதா என் தோலை உரிச்சுடுவார்.)

முதல் ட்ரிக்கில், பார்க்கறவரே கட்டை நாலா வெட்டுவார். அவர் கையாலேயே சீட்டுகளை மாத்தி மாத்தி வைப்பார். கடைசியில் நாலு குவியல் மேலேயும் ஏஸ். இதுக்கு முன்கூட்டியே கொஞ்சம் தயாரிப்பு வேணும். அதனால் இது முதலில்தான் வர முடியும். முடிவில் நாலு ஏஸும் மேஜை மேலே.

ரெண்டாவதுக்கு வேண்டியதே அந்த நாலு சீட்டுதான். கனடாவில் பிறந்த டாய் வெர்னான் என்கிற மேதையோட படைப்பு. 1960-ல் புத்தகத்தில் வந்தது. கவிழ்ந்திருக்கிற ஏஸ்கள் ஒவ்வொண்ணா தானே நிமிரும். இதுக்கு அலெக்ஸ் எல்ம்ஸ்லி கண்டுபிடிச்ச ஒரு எண்ணும் முறை தேவை. பேங்கில் நாலை நாலா எண்ண எனக்குச் சம்பளம். இதில் எண்ணிப் பழகறதுக்குள்ளே எனக்கு வேலையே மறந்துடுமோன்னு பயம் வந்துடுச்சு. இதுக்கு மேல கேட்காதீங்க.

மூணாவது, நியூயார்க்கில் டாக்டரா இருந்த ஜேக்கப் டேலி பெயரில் இருக்கறது. ரெண்டு கறுப்பு ஏஸை ஒருத்தர் உள்ளங்கையில் மூடி வைப்போம். சிவப்பு ரெண்டும் நம்மகிட்ட. கையைத் திறந்தா இடம் மாறியிருக்கும். இதுக்கும் அதே நாலு சீட்டு போதும், மேஜைகூட வேண்டாம். ரெண்டாவது நம்ம கையில் நடக்குது, மூணாவது அவங்க கையில். ஒரே மாதிரி ஆச்சரியத்தை ரெண்டு தடவை காட்டக் கூடாதுங்கறதும் தாதாவோட சட்டம்.

நாலாவது, ஒவ்வொரு ஏஸோடும் மூணு சாதா சீட்டு வெச்சு நாலு மூலையில் அடுக்குவோம். மூணு மூலையிலிருந்து ஏஸ்கள் காணாமல் போய், நாலாவது மூலையில் ஒண்ணு சேரும். கடைகளில் கிடைக்கிற விசேஷச் சீட்டுகளை வெச்சு இதை இன்னும் கண்ணைப் பறிக்கிற மாதிரி பண்ணலாம். ஆனா அவற்றை யார் கையிலேயும் கொடுக்க முடியாது. எங்க அடுக்ககக் குழந்தைகள் பிடுங்கிப் பார்க்காமல் விடாது. அதனால் சாதா சீட்டிலேயே பண்ற முறை.

அஞ்சாவது, ஒரே இடத்தில் சேர்ந்த நாலு ஏஸையும் கட்டுக்குள்ளே தொலைச்சு, கலைச்சு, வெட்டி, அஞ்சு பேருக்குப் போடறது. போடறவன் கைக்கு மட்டும் நாலு ஏஸும் வரும். சூதாடிகள் எப்படி ஏமாத்துவாங்கன்னு காட்டற ட்ரிக். என் கை இதில்தான் சுத்தம். நாலாவது முடிகிற இடத்தில் இது தொடங்குது. பேலன்ஸ் ஷீட் அப்படியே டாலி! தாதாவே முதுகில் தட்டினார்.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

எங்கப்பா மாயவரத்தில் ரைஸ் மில் கணக்குப்பிள்ளை. சாயங்காலம் ஆனா மனமகிழ் மன்றம். ரம்மி. கேட்டா, "திறமை ஆட்டம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சுடி"ம்பார். 1967-ல் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது உண்மைதான். ஆனா அம்மாவோட வளையல் நாலும், அப்புறம் ரெட்டை வடச் சங்கிலியும் போனதுக்கு எந்தக் கோர்ட்டிலும் தீர்ப்பு வரலை. ஒரு தீபாவளிக்கு முன்னாடி அம்மா சீட்டுக்கட்டை வெந்நீர் அடுப்பில் போட்டாங்க. "இனி இது இந்த வாசப்படி தாண்டி உள்ள வரக்கூடாது." வரலை. அப்பா 2004-ல் போனார். அப்புறமும் வரலை. நான் குளியலறையில் பிராக்டீஸ் பண்ணினது இதனால்தான்.

2023-லிருந்து அம்மா எங்களோடதான் இருக்காங்க. நிகழ்ச்சிக்கு மூணு வாரம் முன்னாடி, துவைக்கப் போட்ட பேன்ட் பாக்கெட்டிலிருந்து கட்டு அவங்க கையில் சிக்கிடுச்சு. ஒண்ணும் பேசலை. காலையில் என் காபி டம்ளர் பக்கத்தில் வெச்சிருந்தாங்க. தங்கமணி நைசா சமையலறைக்குள்ளே நழுவிட்டாங்க.

"பணம் வெச்சு ஆடலைம்மா. மேஜிக்."

"உங்கப்பாவும் முதல்ல தமாஷுக்குன்னுதான் ஆரம்பிச்சார்."

வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியாதுன்னு தெரிஞ்சது. அன்னிக்குச் சாயங்காலம் டைனிங் டேபிளில் அவங்க அவரைக்காய் ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. எதிரே உட்கார்ந்து அஞ்சையும் பண்ணிக் காட்டினேன். சீட்டைத் தொட மாட்டேன்னுட்டாங்க. பொண்ணுதான் வெட்டினா. நாலு குவியல் மேலேயும் ஏஸ் வந்தப்போ காயிலிருந்து கண்ணை எடுத்தாங்க. மூணாவதில் லேசா ஒரு சிரிப்புகூட. எனக்குத் தெம்பு வந்துடுச்சு. அஞ்சாவதை வழக்கத்தைவிட நல்லா பண்ணினேன். அஞ்சு கை போட்டேன். என் கையைத் திருப்பினேன். நாலு ஏஸ்.

அம்மா அவரைக்காயைக் கீழே வெச்சாங்க. "இன்னொரு தடவை பண்ணு."

பண்ணினேன். சீட்டைப் பார்க்கலை, என் விரலையே பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க.

"இப்படி பண்ண முடியும்னா, அந்த கிளப்புல உட்கார்ந்திருந்தவங்களும் பண்ணியிருப்பாங்களாடா?"

எனக்குத் தொண்டை அடைச்சுது. முடியும்னு எனக்குத் தெரியும். கட்டின் நடுவிலிருந்து சீட்டுப் போடற ஒருத்தரைத் தேடி, அதே வெர்னான் 1932-ல் மிசௌரியில் ஒரு சின்ன ஊர் வரைக்கும் போன கதையைத் தாதா சொல்லியிருக்கார். எர்ட்னேஸ் என்கிற புனைபெயரில் 1902-ல் வந்த புத்தகத்தில் பாதி, சீட்டு மேஜையில் ஏமாத்தறது எப்படிங்கறதுதான். ஆனா மாயவரம் கிளப்பில் நடந்ததுக்கு என்கிட்ட என்ன ஆதாரம் இருக்கு? யாரும் ஏமாத்தாமலேயே அப்பா தோத்திருக்கலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளப் ஒரு காசு எடுத்துக்கிட்டா, தினமும் ஆடற ஆளோட கை மெதுமெதுவா காலியாகத்தான் செய்யும். அதுக்கு மோசடியே வேண்டாம்.

"தெரியலைம்மா"ன்னேன்.

"ஆடத் தெரியாம தோத்துட்டு வர்றார்னுதான் இத்தனை வருஷம் நினைச்சுட்டு இருந்தேன். அவர் முகத்துக்கு நேராவே சொல்லியிருக்கேன்." தட்டை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டாங்க.

நஷ்டம் அப்படியேதான் இருக்கு. ஆனா அதை யார் பெயரில் எழுதறதுன்னு இப்போ சந்தேகம். இருபது வருஷத்துக்கு முன்னாடி முடிச்சு வெச்ச கணக்கை நான் விளையாட்டாத் திறந்துட்டேன். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

மறுநாள் அஞ்சாவதை எடுத்துட்டேன்னு தாதாகிட்ட சொன்னேன். "பைத்தியமா? உன் கிட்ட இருக்கறதிலேயே நல்ல ட்ரிக் அது. முடிவே இல்லாமல் போயிடுமே"ன்னு சத்தம் போட்டார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் டீயைச் சுத்திக்கிட்டே இருந்தார். "ட்ரிக் நல்லதா இல்லையான்னு மட்டும் பார்த்தேன். யார் பார்க்கறாங்கன்னு பார்க்கலை"ன்னார். தாளில் அப்படி ஒரு பத்தியை நானும் போடலையே.

அப்புறம் அவரே வழி சொன்னார். இந்த ஊர் நம்பிக்கைப்படி துர்கை பூஜைக்குப் பிறந்த வீடு வர்றா, லக்ஷ்மி, சரஸ்வதி, கணேசன், கார்த்திக்னு நாலு பிள்ளைகளோட. நாலு ஏஸ், நாலு பிள்ளை. நாலு மூலையிலிருந்து ஒரு வீட்டுக்கு வந்து சேரட்டும். நாலாவதுதான் முடிவு. அதில் யாரும் தோக்கறதில்லை.

2025 அக்டோபர். மேடையில் சீட்டு வித்தை காட்டினா மூணாவது வரிசைக்கு மேல் ஒண்ணும் தெரியாது. அதனால் கீழேயே ஒரு மேஜை போட்டு, பச்சைத் துணி விரிச்சு, முப்பது பேரையும் சுத்தி நிக்க வெச்சோம். மூணாவது மாடி மாஷிமா கட்டை வெட்டினாங்க. அவங்க உள்ளங்கையில்தான் கறுப்பு சிவப்பாச்சு. கூச்சலில் கூரை பறந்துடும் போல இருந்தது. நாலாவதில் என் விரல் ஒரு தடவை தடுக்கிச்சு. ஓரமா நின்ன தாதா மட்டும் கண்ணை மூடிக்கிட்டார். வேற யாருக்கும் தெரியலை. கடைசிக் குவியலைத் திருப்பினேன். நாலு பிள்ளையும் வீட்டில்.

அம்மா முன்னாடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாங்க. கை ரெண்டும் மடியில். கை தட்டலை. ஆனா எழுந்து போகவும் இல்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்து, வழக்கம்போல சீட்டுக்கட்டை ஆபீஸ் பைக்குள்ளே ஒளிக்கப் போனேன்.

"அதை ஏன் பையில வெக்கறே? அலமாரியில வை"ன்னாங்க அம்மா. நான் திரும்பிப் பார்த்தேன். "எண்ணிட்டு வை."

எண்ணினேன். அவங்க எதிரிலேயே, சத்தம் போட்டு, பேங்க் எண்ணிக்கை. 52 இருந்தது.