இறங்காத குதிரை

ஆங்கிலேயர் சுத்தியல் என வழங்கும் துப்பாக்கியுறுப்பை நம் முன்னோர் குதிரை என வழங்கினர். விசையைத் தொட்டவுடன் முன்னே பாய்ந்து உதைக்கும் அவ்வுறுப்புக்கு இப்பெயர் சாலப் பொருந்தும். பாயும் குதிரையையும் அடங்கி நிற்கும் குதிரையையும் நிலையறிந்து நடத்தலாம். பாயவும் மாட்டாது, அடங்கவும் மாட்டாது நடுவழியில் நின்றுவிட்ட குதிரையே அச்சத்துக்குரியது. அத்தகைய ஒன்றை டிக்கோயாவிலே கண்ட அனுபவத்தை, கல்லூரி அன்னையின் விழா மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்கும் இளைய மாணவர்க்கும் எழுதுகின்றேன்.

கல்லூரி வாழ்வு முடிந்ததும், யாழ்ப்பாணத்து இளைஞர் பலரைப் போல உத்தியோகம் தேடி மலையேறியவன் நான். 1964 இல் டிக்கோயாத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் எழுதுவினைஞனாக அமர்ந்தேன். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே மழையும் மூடுபனியும் ஓய்வதில்லை. அலுமாரியிலுள்ள சப்பாத்திலே பூஞ்சணம் படரும். யாழ்ப்பாணத்தில் நீர்போல் ஓடும் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெண்கட்டியாய் உறையும். தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமாயின் போத்தலை அடுப்பங்கரையில் வைத்து இளக்கவேண்டும். இச்சிறு செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்க.

1966 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், எங்கள் பெரிய துரை ஒரு கைத்துப்பாக்கியுடன் தொழிற்சாலைக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய காலத்திலிருந்து அவர் வைத்திருந்த கோல்ட் துப்பாக்கி அது. நெடுநாள் தோலுறையிலே கிடந்ததை எடுத்துக் குதிரையைப் பின்னிழுக்க, அது பாதிவழியிலே நின்று முன்னும் பின்னும் அசைய மறுத்துவிட்டது. இயந்திரம் பழுதுபார்க்கும் பாஸிடம் அதை நீட்டி, “உள்ளே ரவை இல்லை, சுத்தியலால் தட்டி இறக்கிவிடு” என்றார்.

பாஸ் லயத்திலே பிறந்தவர். பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஆயினும் ரோலரின் ஓசையைக் கொண்டே அதன் பழுதைச் சொல்ல வல்லவர். அவர் துப்பாக்கியை உடனே கையில் வாங்கவில்லை. தீயணைப்பதற்கென வைத்திருந்த மணல் வாளியை அருகே இழுத்து, குழல்முகத்தை அதனுள் நோக்கும்படி பிடிக்குமாறு துரையை வேண்டினார். ரவைக்கூட்டைக் கழற்றச் செய்தார். அதில் ரவை இல்லை. “பார்த்தாயா?” என்றார் துரை.

“துரைகளே, மன்னிக்கவேணும். கூடுதான் வெறுமை. குழலுக்குள்ளே பார்க்காமல் நான் சுத்தியல் எடுக்கமாட்டேன்” என்றார் பாஸ்.

அக்காலத் தோட்டத்திலே இம்மறுப்பின் விலை யாதென்பதை இளைய வாசகர் அறியவேண்டும். துரை சினந்து பற்றுச்சீட்டுக் கொடுத்துவிட்டால் வேலை மட்டுமன்று, லயத்து அறையும் போய்விடும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியிருந்தது. 1964 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், எவர் இங்கே தங்குவது, எவர் இந்தியா செல்வது என அவர்களைப் பங்கிடத் தொடங்கியிருந்தது. காலின்கீழ் நிலமில்லாத ஒருவரே அன்று “மாட்டேன்” என்றார்.

துரையின் முகம் சிவந்தது, எனினும் வற்புறுத்தவில்லை. குதிரை அசையாவிடின் மேற்சட்டத்தைப் பின்னிழுக்க இயலாது. அதனை இழுக்காமல் குழலின் அடியறையைக் காண இயலாது. ஆகவே குதிரையின் இடுக்கிலே மண்ணெண்ணெயைத் துளித்துளியாக விட்டு, துப்பாக்கியை மணலை நோக்கியவாறே பெட்டியில் வைத்துப் பூட்டித் திறப்பைத் துரையிடமே கொடுத்தார் பாஸ். மறுநாட் காலையில், விசையில் விரல் படாமல் மேற்சட்டத்தை மெல்ல மெல்லப் பின்னிழுத்தார். குதிரை இளகிப் பின்சாய்ந்தது. அடியறையிலிருந்து பித்தளை மின்ன ஒரு முழு ரவை தெறித்து மணலில் விழுந்தது.

ஒருவரும் பேசவில்லை. துரை அந்த ரவையை எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சற்றுநேரம் பார்த்தார். பின், “நன்றி, பாஸ்” என்றார். அதற்குமுன் தொழிற்சாலையில் அச்சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

பழுதின் காரணமும் அன்றே வெளிப்பட்டது. பங்களாப் பணியாள் துருப்பிடியாதிருக்கத் தேங்காயெண்ணெய் பூசியிருந்தார். குளிரில் அது உறைந்து, தூசியைப் பற்றிக்கொண்டது. தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்தமையால் குதிரையின் அச்சிலே துருவும் ஏறியிருந்தது. அடித்திருந்தால் நேர்ந்திருப்பது யாது? இவ்வகைத் துப்பாக்கியின் குதிரையில், கைதவறி நழுவினால் தடுத்து நிறுத்தவென்றே ஒரு நடுவெட்டு உண்டு. சுத்தியலடியில் அவ்வெட்டு உடைந்தால் குதிரை பாய்ந்து ஊசியைத் தாக்கும். அடியறையில் ரவை இருப்பின் அது வெடிக்கக்கூடும்.

ஜோன் பிரௌனிங் வகுத்த இத்துப்பாக்கி 1911 மார்ச்சில் 6000 ரவைகள் சுட்டுச் சோதிக்கப்பெற்றுப் பழுதின்றித் தேறிய பின்னரே அமெரிக்கப் படையால் ஏற்கப்பட்டது. அத்துணைச் சோதனையை வென்ற பொறியையும் ஒரு துளி தகாத எண்ணெய் நிறுத்திவிட்டது. குதிரை இறங்காமைக்கு வேறு காரணங்களும் உள. காப்புப் பூட்டு இடப்பட்டிருக்கலாம். மேற்சட்டம் முற்றாக மூடாதிருப்பின், விசையின் தொடர்பு தானாகவே அறுந்து நிற்கும். இவை பழுதல்ல, பொறி தன் காவலைச் செய்கின்றது. வில் முறிந்தாலோ, குதிரையைத் தாங்கும் கொக்கி தேய்ந்தாலோ அது தேர்ந்த துப்பாக்கித் திருத்துநரிடம் செல்லவேண்டும். எந்நிலையிலும் முதற்பணி ஒன்றே: குழலைத் தீங்கற்ற திசையில் வைத்து, கண்ணாற் காணும்வரை ரவை உண்டென்றே கொள்ளுதல்.

1975 இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் போயினர். பாஸும் இப்போது இல்லை. நம் கல்லூரியில் பௌதிகம் பயின்ற நான், நெம்புகோலும் வில்லும் அறிந்திருந்தேன். அறிந்ததை அதிகாரத்தின் முன் தாழ்ந்த குரலிலே, ஆனால் தளராது சொல்வதை மூன்றாம் வகுப்புப் படித்த அப்பெரியவரிடமே கண்டேன். நாளை மருத்துவராய், பொறியியலாளராய், அதிகாரிகளாய் விளங்கப்போகும் மாணவச் செல்வங்களே, உங்கள் மேலோர் “ஒன்றுமில்லை, அடி” என்னும் நாள் உங்களுக்கும் வரும். அன்று முதலில் உள்ளே பாருங்கள். நீங்களே மேலோராகும் நாளில், கீழிருப்பவர் “மாட்டேன்” எனின், அதன் காரணத்தைச் செவிகொடுத்துக் கேளுங்கள்.